எந்த எண்ணெய், எதற்குப் பதிலாக?

சிட்னியில் 1966-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. மாரடைப்போ அதற்கு இணையான இதயக் கோளாறோ வந்து பிழைத்த 458 ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் 30 முதல் 59 வயதுக்காரர்கள். ஒரு குழுவினரிடம் விலங்குக் கொழுப்பைக் குறைத்து, குசும்பா எண்ணெயையும் அதில் செய்த மார்ஜரினையும் சாப்பிடச் சொன்னார்கள். மற்றக் குழுவுக்கு அப்படி எந்தக் கட்டளையும் இல்லை. எண்ணெய் மாற்றியவர்களுக்குக் கொலஸ்ட்ரால் எதிர்பார்த்தபடியே இறங்கியது. ஆனால் இறப்பு அவர்களிடையேதான் கூடியது. ஆய்வு 1973-இல் முடிந்தாலும் அதன் முழுத் தரவு நெடுங்காலம் வெளிவரவில்லை. கிறிஸ்டோபர் ராம்ஸ்டன் என்னும் ஆய்வாளரின் குழுவினர் அதை மீட்டெடுத்து 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். குசும்பா குழுவில் 17.6 சதவீதம் பேரும் மற்றதில் 11.8 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள்.

இதைப் படித்ததும் "பார்த்தீர்களா, வெண்ணெயே நல்லது" என்று கிளம்பியவர்கள் உண்டு. அது அவசரம். குசும்பா எண்ணெயில் ஒமேகா-6 ஏராளம், ஒமேகா-3 இல்லையென்றே சொல்லலாம். அந்தக் கால மார்ஜரினில் டிரான்ஸ் கொழுப்பு இருந்திருக்கும் என்பது விமர்சகர்களின் வாதம். ஒரு கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக நிறைவுறாத எண்ணெய்களை வைத்தால் இதயநோய் குறைகிறது என்று அமெரிக்க இதயச் சங்கம் 2017-இல் ஆய்வுகளை அலசிச் சொன்னது. ஒரே எண்ணெயைக் குடம் குடமாகக் கொட்டச் சொல்லவில்லை.

இங்கே ஆஸ்திரேலியாவில், வென்ட்வொர்த்வில்லிலும் பெண்டில் ஹில்லிலும் டான்டினாங்கிலும் உள்ள நம்மவர் கடைகளில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய் எல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன. பக்கத்து சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனால் கனோலா, ஆலிவ், சூரியகாந்தி, தவிட்டெண்ணெய். இவற்றை ஒப்பிட ஒரு கரண்டி போதும். ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி என்றால் 20 மில்லி. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் 15 மில்லி அல்ல. ஒரு கரண்டி எண்ணெய் சுமார் 18 கிராம். எந்த எண்ணெயாக இருந்தாலும் ஏறத்தாழ 670 கிலோஜூல் ஆற்றல். வேறுபாடு நிறைவுற்ற கொழுப்பில்தான். கனோலாவில் 1.3 கிராம், நல்லெண்ணெயிலும் ஆலிவிலும் 2.5 கிராமை ஒட்டி, கடலை எண்ணெயிலும் தவிட்டெண்ணெயிலும் மூன்றரை வரை, பாமாயிலில் 9, தேங்காய் எண்ணெயில் 15. இங்கே பொட்டலங்களில் அச்சிடும் ஒரு நாள் சராசரி அளவு 24 கிராம்.

தேங்காயைப் பற்றித்தான் வீட்டில் சண்டை வரும். தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் அந்த விகிதம் மாறாது, வாசனைதான் மாறும். 16 சோதனைகளைத் தொகுத்து 2020-இல் 'சர்குலேஷன்' இதழில் வந்த ஆய்வு, மற்றத் தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ராலை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஏற்றுகிறது என்று கண்டது. நல்ல கொலஸ்ட்ராலும் கொஞ்சம் ஏறும், உண்மைதான். ஆனால் அதனால் மாரடைப்பு குறைந்ததாக எந்தச் சோதனையும் காட்டவில்லை. தாத்தா தேங்காய் எண்ணெயில்தான் வாழ்ந்தார் என்பதும் சரிதான். தாத்தா நடந்தார், மீன் தின்றார், பார்ரமாட்டா சாலையில் ஒரு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருக்கவில்லை.

உண்மையில் ஈழத்து வீடுகளில் கணக்கை ஏற்றுவது எண்ணெயைவிடத் தேங்காய்ப்பால். 100 மில்லிக்கு 17 கிராம் கொழுப்பு என்று எழுதிய 400 மில்லி டின்னில் மொத்தம் 68 கிராம். அதில் 60 கிராம் நிறைவுற்றது. சொதிக்கு முழு டின்னையும் ஊற்றி நான்கு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 15 கிராம், ஒரே குழம்பில். அரை டின் ஊற்றித் தண்ணீர் சேர்த்து, இறக்கும் முன் கெட்டிப்பாலில் ஒரு கரண்டி விட்டால் ருசி போகாது. தேங்காய்ப்பூச் சம்பலையும் பால்கறியையும் ஒரே நாளில் வைக்காமல் இருப்பது இன்னும் எளிது.

நல்லெண்ணெய்க்கு இந்தச் சங்கடம் இல்லை. ஒற்றை நிறைவுறாததும் பன்மை நிறைவுறாததும் அதில் ஏறக்குறைய சமபாதி. செசமால் முதலிய சேர்மங்கள் எண்ணெய் சீக்கிரம் காறாமல் காக்கின்றன. புளிக்குழம்பு, எண்ணெய்க் கத்தரிக்காய், இட்லிப்பொடி இவற்றுக்கு அதை விட்டுவிட்டு ஆலிவ் எண்ணெய் ஊற்றச் சொல்பவர் ஊட்டச்சத்து அறிந்தவராக இருக்கலாம், சாப்பிடத் தெரிந்தவர் அல்ல.

அன்றாட வதக்கலுக்கும் தாளிப்புக்கும் போட்டி கனோலாவுக்கும் ஆலிவுக்கும்தான். கனோலா மலிவு, வாசனை இல்லை, பத்தில் ஒரு பங்களவு தாவர ஒமேகா-3 உண்டு. மீன் சாப்பிடாத சைவக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல. எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெயின் பக்கம் ஆதாரம் வலுவானது. ஸ்பெயினில் சுமார் 7,500 பேரிடம் நடந்த பிரெடிமெட் ஆய்வில், அந்த எண்ணெய் சேர்ந்த மத்தியதரைக்கடல் உணவு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்து ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தது. 2013-இல் வெளியான கட்டுரையை, ஆட்களைக் குழு பிரித்த முறையில் இருந்த கோளாறால், 2018-இல் திரும்பப் பெற்று மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. ஆலிவ் எண்ணெய் சூடு தாங்காது என்பது பழைய பேச்சு. விக்டோரியாவில் ஜீலாங் அருகே லாராவிலுள்ள மாடர்ன் ஆலிவ்ஸ் ஆய்வகம் 2018-இல் பத்து எண்ணெய்களைக் காய்ச்சிப் பார்த்ததில், எக்ஸ்ட்ரா வர்ஜின்தான் குறைவாகச் சிதைந்தது. ஆய்வகம் ஆலிவ் எண்ணெய்க்காரர்களுடையது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். கையில் காசு இருந்தால் ஆலிவ், இல்லையென்றால் கனோலா. இரண்டில் எதை எடுத்தாலும் தேங்காய் எண்ணெயிலிருந்து மாறுபவருக்கு லாபமே.

ஆலிவ் வாங்கும்போது அறுவடைத் தேதியைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் பறிப்பது ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. ஐரோப்பாவில் அக்டோபருக்குப் பிறகு. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் உள்ளூர்ப் புட்டியே புதியது.

வடையும் முறுக்கும் பொரிக்கக் கடலை எண்ணெய், கனோலா, ஹை ஒலேயிக் என்று எழுதிய சூரியகாந்தி மூன்றும் ஏற்றவை. பொரித்த எண்ணெயை மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ச்சினால் எந்த எண்ணெயின் நற்பெயரும் மிஞ்சாது.

நெய் ஒரு தேக்கரண்டியில் நிறைவுற்ற கொழுப்பு 3 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. பருப்புச் சோற்றுக்கு அந்தத் தேக்கரண்டி இருக்கட்டும். கேசரிக்கும் மைசூர்பாகுக்கும் வேறு கணக்கு. ரொட்டியில் தடவ இன்றைய ஆஸ்திரேலிய மார்ஜரின்களில் டிரான்ஸ் கொழுப்பு மிகக் குறைவு, 1960-களின் சரக்கு அல்ல. தாவர ஸ்டெரால் சேர்த்தவை எல்டிஎல்லைப் பத்து சதவீதம் வரை இறக்கும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அவை வேண்டாம்.

லேபிளில் ஏமாறும் இடங்கள் சில. 'லைட்' ஆலிவ் எண்ணெயில் நிறமும் மணமும்தான் லேசு, கொழுப்பு அதேதான். 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று தாவர எண்ணெயில் எழுதுவது வெறும் அலங்காரம். தாவரங்களில் கொலஸ்ட்ரால் இல்லையென்றே சொல்லலாம். 'வெஜிடபிள் ஆயில்' என்று மட்டும் இருந்தால் அது பாமாயிலாக இருக்கலாம். பாமாயில் என்று பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. உறைந்த பரோட்டா, மிக்சர், பிஸ்கட் பாக்கெட்டுகளைத் திருப்பி 100 கிராமுக்கான நிறைவுற்ற கொழுப்பைப் படித்தால் குட்டு உடைந்துவிடும். இந்தப் பாக்கெட்டுகளில் ஓட்டை இருக்க, சமையலறையில் எண்ணெய் மாற்றுவதால் பெரிய பயன் வராது.

தெற்காசியருக்கு இந்தக் கவனம் கூடுதலாகப் பொருந்தும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் முதல் மாரடைப்பு மற்றவர்களுக்கு 59 வயதை ஒட்டி வந்தபோது தெற்காசியருக்கு 53-இலேயே வந்தது. 2023-இல் ஆஸ்திரேலியா புதுப்பித்த இதய அபாயக் கணக்கீட்டில் இந்திய, இலங்கை வம்சாவளியினரை ஒரு படி மேலே வைத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஜிபி தானாகக் கேட்காவிட்டால் பூர்விகத்தைச் சொல்லிவிடலாம். எண்ணெய் மாற்றும் முன் ஒருமுறை, மாற்றி மூன்று மாதத்தில் ஒருமுறை எல்டிஎல் பார்த்தால், சொதியில் குறைத்த அரை டின் என்ன செய்தது என்பது எண்ணாகவே தெரியும்.