பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஓர் ஆங்கில மெயில்

கேள்வி: வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கோப்பு எழுதியே காலம் போனதால் ஆங்கிலம் எனக்குப் புதிதில்லை. மகன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கிறான். மருமகளின் பிரசவத்துக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கியிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா எனக்குச் சிநேகிதியாகிவிட்டார். எழுபதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். சாயங்காலம் அவருடைய நாயைக் கூட்டிக்கொண்டு இருவரும் நடக்கப் போவோம். ஊர் திரும்பிய பிறகும் அவரிடமிருந்து அடிக்கடி மெயில் வருகிறது. தோட்டம், மழை, முழங்கால் வலி என்று எல்லாம் எழுதுகிறார். கடைசியில் ‘லவ்’ என்று எழுதித் தன் பெயரைப் போட்டு, பக்கத்தில் இரண்டு ‘எக்ஸ்’ போடுகிறார். நான் எழுதும் பதிலோ தாசில்தாருக்குப் போகும் கடிதம் மாதிரி இருக்கிறது என்கிறான் மகன். என்னைவிட மூத்தவரைப் பெயர் சொல்லி எழுதவும் கை வரவில்லை. போன வாரம் அந்த நாய் இறந்துவிட்டதாக எழுதியிருந்தார். நாய்க்கெல்லாம் இரங்கல் எழுதுவது உண்டா? வரைவு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. அதையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.
- வாசகி, மன்னார்குடி

பதில்: அனுப்பாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று, அம்மா. ஆனால் ரொம்ப நாள் தள்ளிப் போடாதீர்கள். வளர்த்த நாய் இறந்தால் இங்கிலாந்தில் கட்டாயம் நாலு வரி எழுதுவார்கள். அதற்கென்றே தனி அட்டைகள் கடைகளில் விற்கின்றன. என்ன எழுதுவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் வரைவைப் பார்த்துவிடுவோம்.

‘ரெஸ்பெக்டட் மேடம், ஐ ஆம் இன் ரிசீப்ட் ஆஃப் யுவர் மெயில். ஐ ஆம் டீப்லி ஷாக்ட் டு நோ தட் யுவர் டாக் ஹேஸ் எக்ஸ்பயர்ட். மே இட்ஸ் சோல் ரெஸ்ட் இன் பீஸ். கைண்ட்லி டேக் கேர் ஆஃப் யுவர் ஹெல்த்.’

இதில் இலக்கணப் பிழை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எழுதிய மனமும் நல்ல மனம். ஆனால் படிக்கிறவருக்கு, தன்னோடு தினமும் நடக்க வந்த சிநேகிதி எழுந்து போய், அந்த இடத்தில் ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இதில் உங்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. நம் ஊருக்குள் ஆங்கிலம் கச்சேரி வாசல் வழியாகத்தான் வந்தது. மனு, உத்தரவு, நினைவூட்டு என்று அலுவலகத்திலேயே அது குடியேறிவிட்டது. பள்ளிக்கூடத்திலும் நாம் முதலில் எழுதிப் பழகிய ஆங்கிலக் கடிதம் விடுப்பு விண்ணப்பம்தான். அக்காவுக்கும் அத்தைக்கும் தமிழில் எழுதினோம், மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் எழுதினோம். அடுப்படியில் உட்கார்ந்து பேசுகிற ஆங்கிலம் நம்மில் பெரும்பாலோருக்கு வாய்க்கவே இல்லை.

ஆங்கிலத்துக்குள்ளேயே இந்தப் பாகுபாடு பழையது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் நெடுங்காலம் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கியது. குடியானவர் வீடுகளில் பழைய ஆங்கிலமே தொடர்ந்தது. ‘இன்ஃபார்ம்’, ‘பர்ச்சேஸ்’, ‘கமென்ஸ்’, ‘அசிஸ்ட்’ எல்லாம் பிரெஞ்சு வழி வந்த சொற்கள். அதே வேலையைச் செய்யும் ‘டெல்’, ‘பை’, ‘பிகின்’, ‘ஹெல்ப்’ அதற்கு முன்பிருந்தே வீட்டில் இருந்தவை. இன்றைக்கும் ஓர் ஆங்கிலேயர் மனம் விட்டுப் பேசும்போது தானாக இந்தச் சின்னச் சொற்களுக்கு வந்துவிடுவார். நாமோ பெரிய சொல் போட்டால்தான் மரியாதை என்று நினைத்து வளர்ந்துவிட்டோம். சிநேகிதிக்கு எழுதும்போது இரண்டு சொல் கைக்கு வந்தால் சின்னதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐ ஆம் இன் ரிசீப்ட் ஆஃப்’ வேண்டாம், ‘தேங்க்ஸ் ஃபார் யுவர் மெயில்’ போதும்.

அலுவலகத் தொனியில் தொடங்கிய கடிதப் போக்குவரத்து எப்படிச் சிநேகமாகிறது என்பதைப் பார்க்க ஓர் அருமையான புத்தகம் இருக்கிறது: ‘84, சேரிங் கிராஸ் ரோடு’. 1970-ல் வெளிவந்தது. நியூயார்க்கில் வாழ்ந்த எழுத்தாளர் ஹெலீன் ஹான்ஃப் 1949 அக்டோபரில் லண்டனில் இருந்த மார்க்ஸ் அண்ட் கோ என்ற பழைய புத்தகக் கடைக்குச் சில புத்தகங்கள் கேட்டு எழுதுகிறார். ‘டியர் மேடம்’ என்று தொடங்கி, முழுப்பெயர்கூட இல்லாமல் முதலெழுத்துகளில் கையெழுத்திட்ட பதில் வருகிறது. எழுதியவர் கடை ஊழியர் ஃபிராங்க் டோல். ஹெலீன் அந்தத் தொனிக்கு மசியவில்லை. பேசுகிற மாதிரியே எழுதுகிறார். புத்தகம் பிடிக்காவிட்டால் திட்டுகிறார், பிடித்துவிட்டால் கொண்டாடுகிறார். போர் முடிந்த பிறகும் பிரிட்டனில் 1954 வரை உணவு ரேஷன் இருந்தது. அது தெரிந்ததும் கடைக்காரர்கள் எல்லோருக்குமாகப் பன்றி இறைச்சிப் பார்சல் அனுப்புகிறார். அனுப்பிய பிறகுதான், கடை உரிமையாளர்கள் யூதர்களோ, இதைச் சாப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று பதறி இன்னொரு கடிதம் எழுதுகிறார். அந்தப் பதற்றத்தை மறைக்காமல் எழுதினாரே, சிநேகம் பிறந்தது அங்கேதான் என்பேன். ஆனாலும் ஃபிராங்க் 1952 வரை ‘டியர் மிஸ் ஹான்ஃப்’ என்றே எழுதிக்கொண்டிருந்தார். கடிதங்களின் நகல் கடைக் கோப்புக்குப் போவதால் அப்படி எழுத வேண்டியிருந்தது என்று பிறகு விளக்கம் சொன்னார். அந்தச் சங்கடம் உங்களுக்குத்தான் நன்றாகப் புரியும். இருபதாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக நீடித்தது அந்தப் போக்குவரத்து. 1968 டிசம்பரில் ஃபிராங்க் இறந்தார். இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. அந்தக் கடிதங்களை வாசித்தால் ஒன்று தெரியும்: இனிக்க இனிக்க எழுதிய வரிகள் அங்கே ரொம்பக் குறைவு. முட்டை, கால்பந்து, கிழிந்த அட்டை, அடுத்த வீட்டுப் பாட்டி பூவேலை செய்து கொடுத்த மேசைவிரிப்பு, இவைதான் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

பெயர் சொல்லி அழைப்பதில் உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் அங்கே இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அவர் கடிதத்தின் அடியில் தன்னை எப்படி எழுதுகிறாரோ அப்படியே நீங்கள் மேலே எழுதலாம். வெறும் பெயரை மட்டும் போட்டார் என்றால், இப்படியே கூப்பிடுங்கள் என்று அவரே அனுமதி கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் ‘மேடம்’ என்றால், தள்ளி நிற்கிறீர்களோ, தான் எதுவும் தவறாக எழுதிவிட்டோமோ என்று அவர் கவலைப்படுவார். ‘டியர்’ போட்டுப் பெயர், பிறகு ஒரு காற்புள்ளி. மெயிலில் ‘ஹாய்’ போட்டாலும் சரி. ஆனால் துக்கத்துக்கு எழுதும்போது ‘டியர்’தான் பொருத்தம்.

அப்படியானால் மரியாதையை எங்கே வைப்பது? இது முக்கியமான விஷயம். தமிழில் ‘அனுப்பு’ என்பதை ‘அனுப்புங்க’ என்று மாற்றினால் மரியாதை வந்துவிடும். ஆங்கில வினைச்சொல்லில் அந்த வசதி இல்லை. அதை ஈடுகட்ட நாம் ‘ப்ளீஸ்’, ‘கைண்ட்லி’ என்று முன்னால் ஒன்றை ஒட்டுகிறோம். ‘கைண்ட்லி செண்ட் மீ த ஃபோட்டோ’ நம் காதுக்குப் பணிவு. பிரிட்டிஷ் காதில் அது பெரும்பாலும் கட்டளையாக, சில சமயம் எரிச்சலாகவே விழும். அவர்கள் மரியாதையைக் கேள்வியில் வைக்கிறார்கள். ‘குட் யூ செண்ட் மீ த ஃபோட்டோ வென் யூ கெட் எ மினிட்?’ முடியுமா, நேரம் கிடைக்கும்போது, என்று மறுப்பதற்கும் இடம் விட்டுக் கேட்பதுதான் அவர்களுடைய ‘ங்க’. இந்த ஒன்று பழகிவிட்டால் உங்கள் மெயிலின் பாதி விறைப்பு போய்விடும்.

மீதிப் பாதி ‘ஐ ஆம்’, ‘டூ நாட்’ என்று பிரித்துப் பிரித்து எழுதுவதால் வருவது. ‘ஐம்’, ‘டோன்ட்’, ‘வீவ்’ என்று அபாஸ்ட்ரஃபி போட்டுச் சுருக்கி எழுதுங்கள். அலுவலகத்தில் கூடாது என்று சொல்லித் தந்ததை இங்கே தாராளமாகச் செய்யலாம்.

இனி செய்தி. ‘பை காட்ஸ் கிரேஸ் வீ ஆர் ஆல் ஃபைன் ஹியர்’ என்று எழுதிவிட்டு, மேற்கொண்டு என்ன எழுதுவது என்று உட்கார்ந்திருப்பீர்கள். அவருடைய கடைசி மெயிலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி என்று எழுதினாரா? அதைக் கேளுங்கள்: மாடிப்படி ஏற முடிகிறதா, டாக்டரைப் பார்த்தீர்களா? பொதுவான ‘ஹவ் ஆர் யூ’வுக்கு ‘நாட் டூ பேட்’ என்ற பதில்தான் வரும். ‘மஸ்ட்ன்ட் கிரம்பிள்’ என்றும் எழுதுவார்கள், குறிப்பாகப் பெரியவர்கள். குறை சொல்லக் கூடாது என்று அர்த்தம். அதன் பின்னால் நிஜமான வலி இருக்கலாம். குறிப்பிட்டுக் கேட்டால்தான் சொல்வார்கள்.

வானிலை பற்றி எழுதுவது ஒப்புக்கு எழுதுவதாகாதா என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு அது சந்தோஷமான பேச்சு. ஐப்பசி அடைமழை, ஹரித்ரா நதித் தெப்பக்குளம் நிரம்பிக் கிடக்கிறது, துணி மூன்று நாளாகக் காயவில்லை என்று எழுதுங்கள். ‘இட்ஸ் ரெயிண்ட் ஆல் வீக், த டெம்பிள் டாங்க் இஸ் ஃபுல் அண்ட் நத்திங் வில் டிரை.’ அவ்வளவுதான். லீட்ஸில் இருப்பவருக்கு ஈரத் துணியின் தொல்லை நன்றாகவே தெரியும். முடிக்கும்போது நாம் ‘மற்றவை நேரில்’ என்று எழுதுவோமே, அந்த இடத்தில் அவர்கள் ‘எனிவே, ஐட் பெட்டர் கோ’ என்று எழுந்துகொள்வார்கள்.

‘லவ்’ விஷயத்தில் கூச்சம் வேண்டாம். பெண்கள் தோழிகளுக்கும் உறவினர்களுக்கும் சகஜமாக எழுதுவது அது. பக்கத்தில் போடும் ‘எக்ஸ்’ முத்தக் குறி. நம்மவர்கள் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சுவார்களே, அந்த அளவுதான். நீங்களும் ‘லவ்’ எழுதலாம். மனம் வரவில்லை என்றால் ‘வித் வார்ம் விஷஸ்’ எழுதலாம், அதுவும் நெருக்கமானதே. ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ மட்டும் வேண்டாம். பெயர் தெரியாத ‘டியர் சர்’களுக்கு எழுதுவது அது.

நம் ஊரில் செல்லுபடியாகி அங்கே விபரீதமாகும் சில சொற்களும் உண்டு. ‘மை சன் பாஸ்ட் அவுட்’ என்றால் மகன் மயங்கி விழுந்தான் என்று பதறுவார்கள். ‘டுடே மார்னிங்’ இல்லை, ‘திஸ் மார்னிங்’. ‘எக்ஸ்பயர்ட்’ என்பதை அவர்கள் பால் பாக்கெட்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் சொல்வார்கள்.

இப்போது நாய்க்கு வருவோம். வளர்த்தவருக்கு அது ‘இட்’ அல்ல, ‘ஹி’ அல்லது ‘ஷி’. உங்கள் வரைவில் ‘இட்ஸ் சோல்’ என்று இருப்பது அவரைச் சுருக்கென்று குத்தும். நாயின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். ‘டீப்லி ஷாக்ட்’ என்பதைவிட ‘ஐம் ஸோ ஸோ சாரி’ என்பதில் கனம் அதிகம். ஆன்மா, சாந்தி என்றெல்லாம் போக வேண்டாம். சடங்கு வாசகம் எதுவும் இந்த இடத்தில் ஒட்டாது.

அடுத்து, அந்த நாயைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் வேண்டும். அதை நான் எழுதித் தர முடியாது. நீங்கள்தான் அதோடு நடந்தவர். எந்தத் திருப்பத்தில் நின்றுகொண்டு வர மறுக்கும்? முதல் நாள் நீங்கள் பயந்து ஒதுங்கியபோது என்ன செய்தது? உங்கள் சேலைத் தலைப்பை முகர்ந்ததா? அதில் ஒன்றை எடுத்து, நடந்தது நடந்தபடி இரண்டு சின்ன வாக்கியத்தில் எழுதுங்கள். ‘ஐ கீப் திங்கிங் ஆஃப்...’ என்று தொடங்கினால் வழி கிடைக்கும். அதற்குப் பிறகு, ‘த ஹவுஸ் மஸ்ட் ஃபீல் வெரி குவையட்’ என்று ஒரு வரி. தனியாக இருப்பவரின் வீடு இப்போது எப்படி இருக்கும் என்று நீங்கள் நினைத்துப் பார்த்தீர்கள் என்பதற்கு அது போதும்.

‘காலம் ஆற்றும்’, ‘இன்னொரு நாய் வாங்கிக்கொள்ளுங்கள்’ இரண்டும் வேண்டாம். ‘டோன்ட் வொர்ரி அபௌட் ரைட்டிங் பேக்’ என்று கடைசியில் சேர்த்துவிடுங்கள். துக்கத்தில் இருப்பவருக்குப் பதில் எழுதுவதும் ஒரு சுமைதான், அதை இறக்கி வைக்கிறீர்கள். சப்ஜெக்ட் இடத்தில் ‘கண்டோலன்ஸ்’ என்று போடாமல் நாயின் பெயரை மட்டும் போடுங்கள். மொத்தம் ஏழெட்டு வரிக்கு மேல் போக வேண்டாம். பேரக் குழந்தையின் படத்தையும் ஐப்பசி மழையையும் இதோடு சேர்க்காதீர்கள், அவை இரண்டு வாரம் கழித்துத் தனி மெயிலாகப் போகட்டும்.