இணையவழித் தொலைபேசியும் இல்லத்து வலையமைப்பும் – ஓர் ஆய்வு

1962 ஆகஸ்டு 16ஆம் நாள் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபொழுது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள விரும்பியோர்க்கு ஆறு திங்கள் தவணை அளிக்கப்பெற்றது. அவ்வாறு தேர்ந்தோரின் வழிவந்தோர் பலர் இன்று பாரிசிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனர். அங்கு மாலை ஏழு மணியாகும்போது லாஸ்பேட்டையில் கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. அதுவரை உறங்காது காத்திருக்கும் தாய்க்கு மகனின் குரல் பாதி சொல்லாகவும் பாதி மௌனமாகவும் வந்து சேருமாயின், குறை எங்குள்ளது? பலரும் கடலடி வடத்தின்மீது பழி சுமத்துவர். குறை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பது நம் கருத்து. அதனை இங்கு ஆராய்வோம்.

இந்தியாவில் இணையவழித் தொலைபேசிக்கு அரசின் இசைவு கிடைத்தது 2002 ஏப்ரல் முதல் நாள். எனினும் புதுவை மண்ணில் குரலும் தரவும் ஒரே வழியில் செல்வது அதற்கு முன்பே நிகழ்ந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய திட்டத்தில், வில்லியனூரை மையமாகக் கொண்டு சிற்றூர்கள் கம்பியில்லா அமைப்பால் இணைக்கப்பெற்றன. இணையத்திலிருந்து பெற்ற அலை உயரச் செய்தியை வீராம்பட்டினம் மீனவர்கள் ஒலிபெருக்கி வாயிலாகக் கேட்டனர். மின்வெட்டை எண்ணிக் கதிரவன் ஆற்றலையும் அத்திட்டத்தினர் பயன்படுத்தினர் என்பதை மனத்திற் கொள்க. பின்னர் அதற்கு வருவோம்.

குரல் பொதியாதல்

தொலைபேசிக் கருவி நம் பேச்சை ஒரு விநாடிக்கு 50 துண்டுகளாக நறுக்குகிறது. ஜி.711 என்னும் பழைய முறையில் ஒவ்வொரு துண்டும் 160 பைட்டு. அதன்மேல் முகவரி முதலிய குறிப்புகள் 40 பைட்டு. ஆக, விநாடிக்கு 80 கிலோபிட். ஈதர்நெட்டின் உறையையும் சேர்த்தால் ஏறத்தாழ 87. ஜி.729 என்னும் சுருக்க முறையிலோ துண்டு 20 பைட்டுதான். குறிப்பு அதே 40. கடிதத்தினும் உறை இருமடங்கு பெரிது! அவ்வாறாயினும் 24 கிலோபிட்டு போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் கல்லூரி அலுவலகத்திற்குக்கூட, பழைய முறையில், ஒரு மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். எனவே, "வேகமான இணைப்பு வாங்கினோம், ஆயினும் குரல் உடைகிறதே" என்போர் அகலத்தை மட்டுமே அளந்தவர்கள். அளக்க வேண்டியது காலத்தை.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், ஒரு திசைக்கு 150 மில்லி விநாடிக்குள் குரல் சென்றடைந்தால் உரையாடல் இயல்பாக அமையும் என்கிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும்; பாரிசுக்குக் கடல்வழி 12000 கிலோமீட்டர் என்று கொண்டால் 60 மில்லி விநாடி. எஞ்சிய 90இல்தான் மற்றவை அனைத்தும் நடந்தாக வேண்டும்.

இனி, பேசும் நேரத்தில் அதே வீட்டில் ஒருவர் திருமணப் படங்களை மேலேற்றுகிறார் என எண்ணுக. மேலேற்றும் வேகம் 2 மெகாபிட்டு. ரூட்டரின் காத்திருப்பு வரிசையில் 250 கிலோபைட்டு தேங்கி நிற்கிறது. அது கரைய ஒரு முழு விநாடி ஆகும். தாயின் "சாப்பிட்டாயா?" என்ற சொல் அவ்வரிசையின் கடைசியில் நிற்கும். அதற்குள் மகன் வேறு பேசத் தொடங்கிவிடுவான். இருவர் பேச்சும் மோதும். படம் ஒரு விநாடி தாமதித்தால் எவரும் அறியார்.

பரிகாரம் எளிது. ரூட்டரில் குரற்பொதிகளுக்கு முன்னுரிமை தருதல் வேண்டும். 46 என்னும் எண்ணால் அவற்றைக் குறியிடுவது மரபு. அந்த எண்ணை வெளியுலகம் மதிக்குமென்று உறுதி இல்லை. நம் வாயிலில் மதித்தால் போதும். மேலேற்றும் வேகத்தை உண்மை அளவில் பத்தில் ஒன்பது பங்காக ரூட்டரிலேயே கட்டுப்படுத்தினால், வரிசை நம் கைக்குள் நிற்கும். இல்லையேல் அது மோடத்திற்குள் சென்று தேங்கும், அங்கு முன்னுரிமை செல்லாது.

பொதிகள் சீரான இடைவெளியின்றி முன்னும் பின்னும் வருவது நடுக்கம் எனப்படும். கேட்கும் கருவி சிறிது சேமித்து வைத்து அதனைச் சமன்செய்யும். சேமிப்பு மிகுந்தால் தாமதமும் மிகும். தொலைந்த பொதியைத் திரும்பக் கேட்டுப் பெறுவதிற் பயனில்லை. காலங்கடந்த சொல் யாருக்கு வேண்டும்? வைஃபையில் நடுக்கம் அதிகம். சுவருக்குச் சுவர் வைஃபை நிறைந்த குடியிருப்பில் கருவியைக் கம்பிவழி இணைப்பதே நன்று. சற்று அழகு குறையும், அவ்வளவே.

மின்சாரம்

பழைய தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே 48 வோல்ட்டு மின்சாரம் கம்பிவழி வந்தது. ஊர் இருண்டாலும் அது ஒலித்தது. இணையத் தொலைபேசிக்கு அவ்வாய்ப்பு இல்லை. 2011 திசம்பர் 30 அன்று தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபின் பல நாள் மின்சாரம் இல்லை என்பதை நாம் மறக்கவில்லை. வெளிநாட்டுச் சுற்றத்தார் நம் குரலைக் கேட்கத் தவித்த நாட்கள் அவை. ஆதலின் மோடம், ரூட்டர், ஸ்விட்ச், தொலைபேசி ஆகிய நான்கையும் ஒரே மின்கல ஏற்பாட்டில் இணைத்தல் வேண்டும். மூன்றை இணைத்து மோடத்தை மறந்துவிடுவதே வழக்கமாக நிகழும் பிழை. இணைத்தபின் ஒருமுறை முதன்மை மின்விசையை நிறுத்திவிட்டு, ஒருவர் பெரிய கோப்பொன்றை மேலேற்றிக் கொண்டிருக்க, மற்றவர் பாரிசுக்கு அழைத்துப் பார்க்க வேண்டும்.