பழைய டீசல் மோட்டார்க் கார் வாங்குமுன் ஆராயத்தக்கவை

கொங்கு நாட்டில் மாடு வாங்கச் செல்பவர் எவரும் விற்பவர் சொல்லும் வயதை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. கண்ணபுரத்துச் சந்தையாயினும், ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயிலையொட்டிக் கூடும் சந்தையாயினும், வாங்குவோர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். பின்னர்ச் சுழி பார்க்கிறார். சிறிது தூரம் நடக்கவிட்டுக் கால் பார்க்கிறார். இத்துணை எச்சரிக்கையுள்ள அதே குடியானவர், ஒரு ஜோடிக் காங்கேயம் எருதுகளைவிட அதிகக் கிரயமுள்ள பழைய மோட்டார்க் காரொன்றை, ஓடிய தூரங்காட்டும் மீட்டரின் எண்ணையும் புதிதாய்ப் பூசிய வர்ணத்தையும் கண்ட மாத்திரத்தில் அரை நாழிகையில் முடித்துவிடுவது சாதாரணமாய் நிகழ்கிறது. மஞ்சள் விற்ற பணமோ தேங்காய்க் குத்தகைப் பணமோ இவ்வாறு ஒரு நாளில் இரும்பாக மாறிவிடுகிறது. அவ்விரும்பு ஓடுமாயின் நன்று. ஓடாதாயின் அடுத்த பட்டத்து விதைக்கும் உரத்திற்கும் கடன் வாங்கவேண்டி வரும்.

பழைய டீசல் கார்கள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 2012ஆம் ஆண்டு மே மாதத்தில் தில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது, டீசல் ஏறத்தாழ 41 ரூபாயாக இருந்தது. அரசாங்கம் டீசலின் விலையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்ததே இவ்வேற்றுமைக்குக் காரணம். அவ்வாண்டுகளில் கார் வாங்கியோரில் பெரும்பாலோர் டீசலையே நாடினர். 2014 அக்டோபரில் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதன் பின்னர் இரு எண்ணெய்களின் விலையும் படிப்படியாய் நெருங்கின. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி நாடெங்கும் அமலுக்கு வரவே, மாருதி முதலிய கம்பெனியார் டீசல் கார் செய்வதையே நிறுத்தினர். ஆகவே 2010 முதல் 2014 வரை பதிவான கார்கள் பெருந்தொகையாய்ச் சந்தைக்கு வருகின்றன. அவற்றின் 15 ஆண்டுப் பதிவுக்காலம் 2025 முதல் 2029க்குள் முடிவதாகும். விற்பவர் ஏன் விற்கிறார் என்பதற்கு இத்தேதியே பல சமயங்களில் விடையாக அமையும்.

15 ஆண்டு கழிந்த சொந்தக் காரைப் பரிசோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு அது 10,000 ரூபாயாக்கப்பட்டது. பசுமை வரி இதற்குப் புறம்பு. இத்தொகைகளைக் கிரயத்துடன் சேர்த்தே கணக்கிடுதல் உசிதம்.

இனி, டீசலினால் உண்மையில் மிச்சமாவது எவ்வளவு என்று பார்க்கவேண்டும். உதாரணமாக, டீசல் லிட்டர் 92 ரூபாயென்றும் பெட்ரோல் 101 ரூபாயென்றும் வைத்துக்கொள்வோமாக. டீசல் கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டரும், அதே அளவுள்ள பெட்ரோல் கார் 14 கிலோமீட்டரும் ஓடுமாயின், கிலோமீட்டருக்கு முறையே 5 ரூபாய் 11 காசும் 7 ரூபாய் 21 காசும் செலவாகும். வித்தியாசம் 2 ரூபாய் 10 காசு. தோட்டத்திலிருந்து கூட்டுறவுச் சங்கத்திற்கும் வாரச் சந்தைக்கும் போய்வரும் ஒருவர் ஆண்டில் 6,000 கிலோமீட்டர் ஓட்டுவாராயின், அவருக்கு மிச்சமாவது 12,600 ரூபாய் மாத்திரமே. பொள்ளாச்சியிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்லும் வியாபாரி 20,000 கிலோமீட்டர் ஓட்டினால் 42,000 ரூபாய் மிச்சம். முன்னவரின் மிச்சத்தை ஒரேயொரு பெரிய பழுது விழுங்கிவிடும். பின்னவர் அதனைத் தாங்குவார். எனவே, குறைவாக ஓட்டுவோருக்குப் பழைய டீசல் கார் லாபமானதன்று என்பதைச் சந்தேகமின்றிக் கூறலாம்.

பழுது ஏன் பெரிதாகிறது என்பதற்கு எஞ்சினின் அமைப்பையே பார்க்கவேண்டும். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1892இல் உரிமைக்கு விண்ணப்பித்து 1897இல் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிக நெருக்கி, அதனால் எழும் வெப்பத்திலேயே எண்ணெயைப் பற்றச் செய்வது அதன் தத்துவம். கிணற்றடியில் ஆயில் எஞ்சின் ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த விஷயமே. 1930களில் பைகாரா மின்சாரம் கோயம்புத்தூர்க் கிணறுகளை எட்டிய பின்பும், கம்பி செல்லாத காடுகளில் அவ்வெஞ்சின்களே தண்ணீர் இறைத்தன. நாசிலைக் கழற்றித் துடைத்து மாட்டினால் அவை மீண்டும் ஓடும். காரின் எஞ்சின் அத்தகையதன்று. ‘காமன் ரெயில்’ முறையில் எண்ணெய் 1,300 முதல் 2,000 பார் வரை அழுத்தத்தில் பாய்கிறது. காரின் டயரிலுள்ள காற்றோ இரண்டு பாருக்குச் சற்று மேற்பட்டது. இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் பம்பும் இன்ஜெக்டர்களும் மயிரிழைக்கும் குறைந்த இடைவெளியுடன் கடையப்பட்டவை. தண்ணீரோ தூசியோ மண்ணெண்ணெய்க் கலப்போ அவற்றைத் தேய்த்துவிடும். தோட்டத்துப் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்த டீசலை ஊற்றி ஓட்டிய கார் இவ்விஷயத்தில் மிகுந்த சந்தேகத்திற்குரியது. நாமக்கல், சங்ககிரி முதலிய லாரித் தொழில் மிகுந்த ஊர்களில் பம்பையும் நாசிலையும் மெஷினில் ஏற்றிச் சோதிக்கும் பட்டறைகள் உண்டு. கிரயம் பேசுமுன் அங்குச் செலவிடும் சில ஆயிரம், பின்னர்ப் பல பதினாயிரத்தைக் காக்கும்.

காரைப் பார்க்கச் செல்வது விடியற்காலையிலேயே. வருகிற நேரத்தை முன்கூட்டிச் சொல்லியிருப்பினும், போனவுடன் பானெட்டின்மீது கையை வைத்துப் பார்த்தல் வேண்டும். அது சூடாயிருந்தால், கடினமாய்க் கிளம்பும் எஞ்சினை விற்பவர் முன்னமே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கலாம். அன்று திரும்பிவிட்டு மறுநாள் செல்வது நலம். கோயம்புத்தூரின் பகல் வெயிலில் எந்த டீசல் எஞ்சினும் எளிதில் பற்றிக்கொள்ளும். குளோ பிளக்குகளின் பழுது மார்கழி விடியலிலோ வால்பாறை மலையிலோதான் வெளிப்படும்.

எஞ்சின் கிளம்பியதும் ஒருவர் பின்புறம் நின்று புகையைக் கவனிக்கவேண்டும். மாட்டுக்குப் பல் எவ்வாறோ டீசல் காருக்குப் புகை அவ்வாறு. திடீரென ஆக்ஸிலேட்டரை மிதிக்கையில் சிறிது கரும்புகை தோன்றி மறைவது பழைய கார்களில் உள்ளதே. அது தொடர்ந்து வருமாயின் காற்று போதவில்லை, அல்லது இன்ஜெக்டர் அளவுக்கு மிஞ்சி எண்ணெயைப் பாய்ச்சுகிறது. நீலநிறப் புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். பிஸ்டன் ரிங்குகளோ டர்போவோ தேய்ந்திருக்கும். வெண்புகை குளிரில் சிறிது தோன்றலாம். எஞ்சின் சூடான பின்பும் நில்லாது வந்து, ரேடியேட்டர்த் தண்ணீரும் குறையுமாயின், ஹெட் கேஸ்கெட்டில் கசிவுண்டு என்று அறிந்து விலகிவிடலாம். பின்னர், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் ஆயில் ஊற்றும் மூடியைச் சற்றே திறந்து பார்த்தல் வேண்டும். மெல்லிய ஆவி வருவது இயல்பு. புகைக்கூண்டுபோல் குபுகுபுவென்று வருமாயின், எரியும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று பொருள். அவ்வெஞ்சினைப் பிரித்துக் கட்டாமல் பயனில்லை. டர்போவிலிருந்து செல்லும் ரப்பர்க் குழாயின் உட்புறத்தில் ஆயில் தேங்கி நின்றாலும் அதே எச்சரிக்கை.

மீட்டரின் எண்ணை மாற்றுவது கடினமன்று. ஆகையால் அதனை ருசுவாகக் கொள்ளுதல் கூடாது. பிரேக் மிதியின் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் ஓரம், ஸ்டியரிங் சக்கரத்தின் தோல் ஆகியவற்றின் தேய்மானம் மீட்டருடன் ஒத்திருக்கிறதா என்று பார்க்கலாம். கம்பெனிச் சர்வீஸ் பதிவுகளும் பழைய இன்ஷ்யூரன்ஸ் பத்திரங்களும் உண்மையைச் சொல்லும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. ஸீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்து, அடியில் சேற்றுக் கறையுண்டா என்று கவனிப்பதும், கார்ப்பெட்டைத் தூக்கி முகர்வதும் ஒரு நிமிஷ வேலை.

2020க்குப் பிந்திய டீசல் கார்களைக் குறித்து ஒரு வார்த்தை. அவற்றில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் சூடாக ஓடும்போதுதான் அக்கரி எரிந்து தீரும். வீட்டிலிருந்து தோட்டத்திற்கும் தோட்டத்திலிருந்து பால் சொசைட்டிக்குமாக நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டத்திலேயே காலங்கழிக்கும் காரில் அது அடைத்துக்கொள்ளும்; மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறிதன்று. வயதிற் குறைந்த கார் என்பதனாலேயே அது பொருத்தமான கார் ஆகிவிடாது.

தில்லிப் பதிவுள்ள கார்களைப் பற்றிய விசாரணை தனியே வேண்டும். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தில்லிப் பிரதேசத்தில் ஓடலாகாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது; உச்ச நீதிமன்றம் 2018இல் அதனை உறுதி செய்தது; பின்னர் அவ்வாணை மாற்றங்களுக்கும் உட்பட்டது. அங்கிருந்து வெளிமாகாணங்களுக்குச் சென்ற கார்கள் பார்வைக்கு மலிவே. ஆயினும் ஆட்சேபமின்மைச் சான்று பெற்று, தமிழ்நாட்டில் வரி செலுத்தி, புதுப் பதிவெண் பெறுவதற்கு ஆகும் செலவையும் அலைச்சலையும் கூட்டினால் மலிவின் பெரும்பகுதி கரைந்துபோகும். வேறு மாகாண எண்ணுடன் 12 மாதத்திற்கு மேல் இங்கு வைத்து ஓட்டுதல் சட்டத்திற்கு மாறானது.

தஸ்தாவேஜு விஷயத்தில் வாங்குவோரைவிட விற்போரே அதிகம் ஏமாறுகின்றனர். கையெழுத்திட்ட வெற்றுப் பாரங்களையும் சாவியையும் தரகரிடம் கொடுத்துப் பணம் பெற்றதும் காரியம் முடிந்ததென்று எண்ணிவிடுகிறார்கள். மாகாணத்திற்குள் விற்றவர் 14 நாளைக்குள்ளும் வாங்கியவர் 30 நாளைக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவிக்கவேண்டும். பதிவுப் புத்தகத்தில் எவர் பெயருண்டோ அவரே உடையவராகக் கருதப்பட்டு விபத்து நஷ்டஈட்டிற்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் கார் அடுத்தடுத்துப் பல கை மாறியிருந்தும் பதிவில் பெயர் மாறாதிருந்தவர்மீதே பொறுப்பு விழுந்தது. எங்கோ நான்காம் கையில் ஓடும் வண்டி ஒருவர்மீது மோதினால், தாராபுரத்துக் குடியானவரின் பூமி அதற்கு ஈடாகக்கூடும் என்பதே இதன் பொருள். வாங்கியவர் இன்ஷ்யூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாளைக்குள் விண்ணப்பிப்பதும் அவசியம். கடனில் வாங்கிய காராயின், 35ஆம் பாரத்தில் பாங்கியின் விடுவிப்புப் பெற்றுப் பதிவில் அடமானக் குறிப்பை நீக்கிய பின்னரே பாக்கித் தொகையைக் கொடுத்தல் தகும்.

உடையவர் காலமாகி, அவர் பெயரிலேயே நிற்கும் கார்களை மகனோ மருமகனோ விற்பது கிராமங்களில் மிகுதி. வாரிசுகளில் ஒருவர் பெயருக்கு 31ஆம் பாரத்தால் பதிவு மாறாதவரை அவ்விற்பனை செல்லத்தக்கதன்று. வாரிசுச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரணை வரும்போது, நிலத்துடன் வண்டி ஏதேனும் உண்டா என்று அவர் வினவி, மூன்று மாதத்திற்குள் பெயர் மாற்றும்படி அவர்களுக்கு நினைவூட்டுவது பெரிய உபகாரமாகும். நிலுவையிலுள்ள அபராதங்களை அரசாங்கத்தின் பரிவாகன் தளத்தில் அறியலாம்.

இவையெல்லாம் பார்த்து வாங்கிய பின்னர், முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயிலையும் டீசல் பில்டரையும் மாற்றி, பில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை ஒரு கண்ணாடிக் கிளாஸில் வடித்துப் பார்ப்பது வழக்கமாகட்டும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாயின், எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லாதவிடத்து, மாற்றவில்லை என்றே கொண்டு உடனே மாற்றிவிடவேண்டும். ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிச் சிதையும்.