நம்முடைய வீடுகள் எத்தனை?



“உமக்கு எத்தனை வீடு?” என்று யாரேனும் கேட்டால் நம்மில் பலர் “ஒன்று” என்போம்; சிலர் “அதுவும் வாடகை வீடு” என்போம். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே வீடு என்பது உலக வழக்கு. திருமறை காட்டும் கணக்கோ வேறு.

ஸூரத்துந் நூரின் 61-ஆம் ஆயத்தைக் கவனியுங்கள். எந்தெந்த வீடுகளில் உண்பது குற்றமில்லை என்று அல்லாஹு தஆலா அதில் எண்ணிச் சொல்கிறான். முதலில் நம் சொந்த வீடு. அடுத்து தந்தை, தாய், சகோதரர், சகோதரி வீடுகள். அதன்பின் தந்தையுடன் பிறந்தவர்கள், தாயுடன் பிறந்தவர்கள் வீடுகள். பிறகு, சாவி நம் பொறுப்பிலுள்ள வீடு. இறுதியாக நண்பனின் வீடு. வீட்டார் மனம் ஒப்புவது தெரிந்திருக்க வேண்டும் என்பது இதற்கு உலமாப் பெருமக்கள் தரும் விளக்கம். சொந்த வீட்டையும் தோழன் வீட்டையும் ஒரே வரிசையில் வைத்த கருணையை என்னென்பது! ஆனால் போகாமல் விட்ட வீடு இந்த வரிசையிலிருந்து மெல்ல நழுவிவிடுகிறது. போக்குவரத்து நின்ற வீட்டில் ஒரு குவளை தண்ணீர் கேட்கவும் நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது.

ஊர் ஏக்கம் குற்றமல்ல

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த புதிதில் அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) இருவரும் கடுங்காய்ச்சலில் படுத்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் போய் நலம் விசாரித்தார்கள். காய்ச்சல் சற்றுத் தணியும்போதெல்லாம் பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு முளைக்கும் இத்கிர் புல்லையும் எண்ணி ஏங்கினார்கள். அவர்களை வதைத்த ஊர்தான் அது! ஆயினும் பழகிய மண்ணின் நினைவு அப்படிப்பட்டது. செய்தி அறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தைக் கடிந்து கொள்ளவில்லை. மக்காவைப் போல, அல்லது அதைவிடவும் அதிகமாக மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்குவாயாக என்று துஆச் செய்தார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் வரும் செய்தி.

அந்த மதீனாவில் முஹாஜிர்களுக்கு அன்ஸாரிகளின் வாசல்கள் திறந்தன. வந்தவரும் இருந்தவரும் சகோதரர்களாக இணைக்கப்பட்டனர். பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக வாய்த்தவர் அபுத்தர்தா (ரலி) அவர்கள்.

ஒரு நாள் ஸல்மான் (ரலி) அவர்கள் அந்தச் சகோதரரைக் காணச் சென்றார்கள். வீட்டுக்காரியம்மா பொலிவிழந்த உடையில் இருந்தார்கள். காரணம் கேட்டபோது, உம் சகோதரருக்கு உலகத்தில் நாட்டமில்லை என்ற கருத்துப்படப் பதில் வந்தது. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை! “நீர் உண்ணாமல் நானும் உண்ண மாட்டேன்” என்று அமர்ந்துவிட்டார்கள் ஸல்மான் (ரலி). இரவில் தொழ எழுந்தவரைத் தூங்கச் செய்து, இரவின் கடைசிப் பகுதியில் இருவருமாகத் தொழுதார்கள். இறைவனுக்கும் உம் உடலுக்கும் உம் குடும்பத்துக்கும் உரிய ஹக்கை அவரவருக்குக் கொடும் என்று எடுத்துரைத்தார்கள். அண்ணலாரும் ஸல்மான் சொன்னது உண்மையே என்றார்கள். விருந்துண்டு போக வந்தவரா இவர்? அந்த வீட்டின் நலத்தைத் தம் நலமாகக் கருதியவரல்லவா! அப்படிக் கருதுகிறவருக்கே பிறர் வீடு தம் வீடாகிறது.

சில ஒழுங்குகள்

உரிமை இருக்கிறது என்று ஒழுங்கை மறக்கலாகாது. ஸலாம் கூறி அனுமதி கேட்க வேண்டும். மூன்று முறை கேட்டும் விடையில்லையேல் திரும்பிவிட வேண்டும். “யார்?” என்றால் “நான்தான்” என்னாமல் பெயரைச் சொல்ல வேண்டும். இப்போது வசதியில்லை என்றால் மனம் கோணாமல் திரும்புவதே தூய்மையானது என்று அதே ஸூராவின் 28-ஆம் ஆயத் போதிக்கிறது. விருந்து மூன்று நாள். வீட்டாருக்குப் பாரமாகும்வரை தங்கலாகாது.

முறிந்ததைச் சேர்ப்பவரே

வந்தவர் வீட்டுக்கு மட்டும் போவது கைம்மாறு. துண்டித்தவரோடும் சேர்ந்து கொள்பவரே உறவைப் பேணுபவர் என்பது நபிமொழியின் கருத்து. இதைப் பல ஊர்களில் பயான் செய்த நான், சொந்த ஊரில் தவறினேன். பாட்டனார் விட்டுச் சென்ற மனையில் என் மாமிக்கு, அதாவது வாப்பாவின் தங்கைக்கு, ஷரீஅத் தந்த பங்கு கொடுபடாமலே இருந்தது. வாப்பா மௌத்தான பின் அந்தப் பொறுப்பு என் மீது வந்தது. பிள்ளைகளுக்கு வாரிசுச் சட்டம் ஓதிக் கொடுத்துக்கொண்டே மூன்றாண்டுகள் மௌனமாயிருந்தேன். முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போனாலும், பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டைத் திறந்து படுத்தாலும், முஸாபிர் போலவே இருந்தது.

ஒரு நாள் அஸருக்குப் பின் துணிந்து போய் வாசலில் ஸலாம் சொல்லி, பெயரும் சொன்னேன். “பேரெல்லாம் எதுக்கு மருமவனே, உள்ளே வா. உன் வாப்பா உட்கார்ற இடம் சும்மாத்தான் கெடக்குது” என்றார்கள். பங்கைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன். “முதல்ல சாப்பிடு” என்றார்கள். சாப்பிட்டேன், ஆனால் அத்தோடு விட்டுவிடவில்லை. அந்த விடுமுறை முடியுமுன் பத்திரம் அவர்கள் பெயரில் பதிவாயிற்று. ஹக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு நலம் விசாரிக்கப் போவது ஸிலத்துர் ரஹிம் ஆகாது. இன்று ஊர் என்றதும் என் நினைவில் முதலில் வருவது மாமி வீட்டு வாசல்தான்.

சகோதரர்களே! கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவது நல்லதே. தூர தேசத்தில் இருப்போருக்கு அது பெரும் உதவி. ஆனால் நாலு தெரு தள்ளி இருப்பவர் வாசலுக்கு அது ஈடாகாது. இந்த ஆயத்தைக் குடும்பத்தோடு ஓதி, அதிலுள்ள வீடுகளை விரல் விட்டு எண்ணுங்கள். எது விடுபட்டிருக்கிறதோ அங்கே இவ்வாரமே செல்லுங்கள். கொடுக்க வேண்டியது இருந்தால் கையோடு கொண்டு செல்லுங்கள்.

அறுந்த உறவுகளைச் சேர்த்து வாழும் நற்பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.