சுமை தாங்குவோருக்கும் ஒரு சுமைதாங்கி



யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். தலைச்சுமையோடு தனியே வருபவர் பிறர் உதவியின்றித் தம் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறவும், மறுபடி தூக்கிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அவை நாட்டப்பட்டன. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நாட்டுவது நம் முன்னோர் வழக்கம்.

தலையில் அல்ல, மனதில் சுமப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பிறர் துன்பத்தைக் கேட்டு, அதற்கு வழி தேடி நடப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் அவர்கள். அவர்கள் தங்கள் சுமையை எங்கே இறக்கி வைப்பது? இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களை முன்வைத்து இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

யார் இவர்கள்?

பிள்ளை மடுவத்தை நடத்தும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர், குடும்பநல மருத்துவமாது, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், கரித்தாஸ் போன்ற நிறுவனங்களின் களப்பணியாளர், பங்கில் வீடு சந்திக்கும் தொண்டர் ஆகிய எல்லாரும் இதில் அடங்குவர். சிலர் சம்பளம் பெறுகின்றனர், சிலர் பெறுவதில்லை. சுமை மட்டும் எல்லாருக்கும் ஒன்றே.

சப்ரகமுவவில் இவர்களுடைய நிலை ஒரு வகையில் தனியானது. நுவரெலியாவைப் போல் இங்கே தோட்டத்தோடு தோட்டம் தொட்டு நிற்பதில்லை. றப்பரும் தாழ்நாட்டுத் தேயிலையுமாக, சிங்களக் கிராமங்களுக்கிடையே தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே தமிழ் பேசும் ஊழியர் பெரும்பாலும் தனி ஆளாகவே நிற்கிறார். பொலிஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் மொழிபெயர்ப்பாளரும் அவரே. 1987-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆயினும் சட்டம் தந்ததை மேசைக்கு மேசை கேட்டுப் பெறும் வேலை இவர் தலையில்தான் விழுகிறது.

பழைய காயங்களும் உண்டு. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் லயன்களை விட்டு ஓடியவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொகுப்பிட்டியவிலும் மலை சரிந்தது. மறு ஆண்டு மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் வருந்தியது. இத்தகைய நாட்களில் பிறருக்கு ஆறுதல் சொல்ல ஓடுபவர், சில வேளை தாமும் வீடிழந்தவராய் இருப்பார்.

ஒரு காலை

ஒரு தோட்டத்தை மனக்கண்முன் கொண்டு வருவோம். பிள்ளை மடுவத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு வயது இருபத்தாறு. காலையில் ஒரு தாய் தன் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறாள். பிள்ளையின் முதுகில் தழும்பு. கேட்டால் தாய் தலையைக் குனிந்துகொண்டு கொழுந்து மலைக்குப் போய்விடுகிறாள். மாலையில் தகப்பன் வருகிறான். “தங்கச்சி, நீ இத வெளிய சொன்னா என் மானம் போயிரும். நாங்கெல்லாம் ஒரே குடும்பம் தானே” என்கிறான். அவன் சொல்வது பொய்யல்ல. அவன் அவளுடைய பெரியப்பா மகன். அதே லயனில் மூன்றாவது காம்பரா.

இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் சொன்னால் விடியுமுன் லயன் முழுதும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் நாளை பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது எப்படி?

இப்படிப் பல இரவுகள் கழிந்தால் மனிதர் இரண்டில் ஒன்றாகிறார்கள். சிலருக்கு மனம் மரத்துப்போகும். “இந்தச் சனம் இப்படித்தான்” என்ற கசப்பு பேச்சில் ஏறும். வேறு சிலர் எல்லாருடைய துன்பத்துக்கும் தாமே பொறுப்பென்று எண்ணி, உண்ணாமல் உறங்காமல் வாடி, ஒருநாள் வேலையையே விட்டுவிடுவார்கள். இரண்டினாலும் நட்டப்படுவது அந்தப் பிள்ளையே.

படிப்பும் கூட்டும்

பிறருக்கு உதவ நல்ல மனம் மட்டும் போதாது, அதற்குப் பயிற்சியும் வேண்டும் என்பதை நம் நாடு 1952-லேயே உணர்ந்து, கொழும்பில் சமூகப்பணிக் கல்விக்கு ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக, 1992-ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ் அமைந்ததே தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். அங்கே சமூகப்பணியில் டிப்ளோமாவும் பட்டமும் பெறலாம். தோட்டத்துப் பிள்ளைகள் இத்துறையை நாடுவது நல்லது.

ஆனால் பட்டம் பெற்றவரும் தனித்தால் தளர்வார். இலண்டனில் 1950-களில் மைக்கேல் பாலின்ட் என்னும் மருத்துவர், குடும்ப வைத்தியர்களைச் சிறு குழுவாக அமரச் செய்து, தம்மை வருத்தும் நோயாளர் ஒருவரைப் பற்றி ஒவ்வொருவரும் பேசும்படி செய்தார். நோயை மட்டுமல்ல, அந்த நோயாளர் வைத்தியரின் மனதில் எழுப்பிய கோபத்தையும் அச்சத்தையும் கூடப் பேசினார்கள். அம்முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவிற்று.

நம் தோட்டங்களிலும் இது முடியும். பணம் வேண்டியதில்லை. எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ பஸ் வசதியுள்ள ஓரிடத்தில், அக்கம்பக்கத் தோட்டங்களின் ஊழியர் ஆறு அல்லது எட்டுப் பேர் மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் கூடினால் போதும்.

முதலாவது, ஒருவர் தம்மை வருத்தும் ஒரு விடயத்தைச் சொல்லுவார். பெயரோ தோட்டமோ அடையாளமோ சொல்லலாகாது. இரண்டாவது, மற்றவர்கள் விளக்கம் மட்டும் கேட்பார்கள், “நீ ஏன் இப்படிச் செய்யவில்லை?” என்ற குற்றக் கேள்விக்கு இடமில்லை. மூன்றாவது, ஒவ்வொருவரும் “உங்கள் இடத்தில் நானிருந்தால்” என்று தொடங்கித் தம் அனுபவத்தைச் சொல்லுவார்கள். நான்காவது, சொன்னவரே முடிவெடுத்து, அடுத்த மாதம் நடந்ததை அறிவிப்பார். கடைசி அரை மணி நேரத்தில் ஒரு பாடம்: குறிப்பேடு எழுதும் முறை, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பேச்சுச் சிங்களம் போன்றவற்றில் ஒன்று. தற்கொலை எண்ணம் உண்டா என்று ஒருவரிடம் அன்போடு நேராய்க் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. பேச வழி திறக்கும் என்பதும் எல்லாரும் கற்கவேண்டிய பாடம்.

இரகசியத்துக்கும் எல்லை

வட்டத்தில் கேட்டது வட்டத்தோடு நிற்கவேண்டும். ஆனால் ஒரு பிள்ளை துன்புறுத்தப்படும்போதும், உயிருக்கு ஆபத்து உள்ளபோதும் இரகசியம் என்ற பெயரில் மௌனம் காப்பது பாவத்துக்குத் துணைபோவதாகும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். துன்புறும் பெண்களுக்கு 1938. மனத்துயரில் தவிப்போருக்கு 1926.

அப்படியானால் அந்த இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு வட்டத்தால் என்ன பயன்? அறிவிக்கலாமா வேண்டாமா என்று வாக்கெடுப்பதற்கு வட்டம் கூடுவதில்லை; அறிவிக்கத்தான் வேண்டும். அதற்காக மாதக் கூட்டம்வரை காத்திருக்கவும் கூடாது. மறுநாட் காலையிலேயே அவள் வட்டத்துத் தோழி ஒருத்தியை அழைக்கலாம். உறவினர் அல்லாத வேறு தோட்டத்துக்காரி அவளோடு கூட வரலாம். “நீ செய்தது சரி” என்று பின்னர் சொல்லவும் ஆளிருக்கும். கடமையை வட்டம் குறைப்பதில்லை. அதைத் தனியே செய்யும் பயத்தைக் குறைக்கிறது.

வீட்டாரின் பங்கு

பெற்றோரே, கணவன்மாரே, இத்தகைய பணியில் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். அவர் களைத்து வரும்போது “யார் வீட்டில் என்ன நடந்தது?” என்று துருவாதீர்கள். “இன்று கஷ்டமான நாளா?” என்று கேளுங்கள்; ஒரு கோப்பை தேநீர் கொடுங்கள். மாதக் கூட்டத்துக்குப் போகும் நாளில் சமையலையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அதை வீண் பயணம் என்று எண்ணவேண்டாம்.

ஆண்டவர் தம் சீடரை இருவர் இருவராகவே அனுப்பினார். திரும்பி வந்து நடந்ததையெல்லாம் அவர்கள் அறிவித்தபோது, தனிமையான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறும்படி அழைத்தார் என்று மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. சேர்ந்து போவதும், வந்து சொல்வதும், இளைப்பாறுவதும் பணியின் பகுதிகளே. அவற்றைச் சோம்பல் என்று யாரும் சொல்லவேண்டாம்.

குடும்பமாய்ச் சிந்திக்க:

1. நம் தோட்டத்தில் பிறர் சுமையைச் சுமப்பவர் யார்? அவரிடம் கடைசியாக எப்போது நலம் விசாரித்தோம்?

2. ஒருவர் நம்மிடம் நம்பிச் சொன்னதை நாம் வெளியே சொன்னதுண்டா? அதனால் என்ன நேர்ந்தது?

3. இவ்வூழியர் கூடுவதற்கு நம் பங்கு ஓர் அறையைத் திறந்து கொடுக்க முடியுமா?