பிள்ளைகள் கையில் ஏர்கன்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், பையன் ஏர்கன்னால் இரண்டு மணிப்புறா சுட்டான். ஒன்று விழும்போதே செத்துவிட்டது. மற்றதைப் பிஸ்மி சொல்லி அறுத்துவிட்டோம். எது கூடும், எது கூடாது?" என்று கேட்டார். உயிர் நன்றாக இருக்கும்போதே அறுத்தது கூடும், செத்து விழுந்தது கூடாது என்று சொன்னோம். ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பையனுக்கு வயது 12. எந்த இடத்தில் வைத்துச் சுடுகிறான், பக்கத்தில் பெரியவர் யாரும் நிற்கிறார்களா என்று நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே துப்பாக்கியின் ரவை அடுத்த வீட்டுச் சிறுமியின் கண்ணில் பாய்ந்தது. உள்ளே ரவை இல்லை என்று நினைத்து, வேடிக்கையாக அவள் பக்கம் நீட்டி விசையை இழுத்திருக்கிறான். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பியது நமது குறை. அன்று சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறோம்.

வெடிமருந்து இல்லை, புகை இல்லை, பெரிய சத்தமும் இல்லை. ஆகவே இதை விளையாட்டுச் சாமான் என்று எண்ணிவிடுகிறார்கள். கந்தூரிக் கடைத்தெருவில் பலூன் சுட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த எண்ணம் இன்னும் அதிகம். (கந்தூரியைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவோம்.) நம் நாட்டில் 2016ஆம் வருட ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத வேகச் சக்தியும் உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. லைசென்ஸ் வேண்டாம் என்றால் ஆபத்தில்லை என்று பொருளல்ல.

குழலை மடக்கும்போது உள்ளே ஒரு கனத்த ஸ்பிரிங் அமுங்கி நிற்கிறது. விசையை இழுத்ததும் அது விடுபட்டுக் காற்றை நெருக்கி, அரை கிராம் எடையுள்ள ஈய ரவையை வெளியே தள்ளுகிறது. சாதாரணத் துப்பாக்கியிலேயே ரவை நொடிக்கு 150 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போகும். மனிதத் தோலைத் துளைக்க சுமார் 100 மீட்டர் வேகம் போதும். கண்ணுக்கு அதைவிடவும் குறைவே போதும். குறி தவறிய ரவை 300 மீட்டர் தூரம்கூடப் போய் விழலாம். நமது தெருக்களில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை வீட்டு முற்றம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சுண்டுகல் ஹதீஸ்

அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. விரலிடுக்கில் சிறு கல்லை வைத்துச் சுண்டி எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதற்குக் காரணமும் சொன்னார்கள்: அதனால் வேட்டையும் கிடைக்காது, எதிரியும் வீழமாட்டான், பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும். சுண்டுகல்லுக்கே இந்தத் தடை என்றால், தோலைத் துளைக்கும் ஈய ரவையைத் தெருவில் கண்டபடி சுட எப்படி அனுமதி கிடைக்கும்?

ஆயுதத்தைச் சகோதரன் பக்கம் நீட்டக் கூடாது, ஷைத்தான் கையைத் தூண்டிவிடக்கூடும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். உடன்பிறந்தவன் பக்கம் நீட்டினாலும் மலக்குகளின் சாபம் உண்டு என்று முஸ்லிமில் வருகிறது. உடன்பிறந்தவனைக் கொல்ல யார் நீட்டப் போகிறான்? வேடிக்கைக்குத்தான் நீட்டுவான். ஆகவே "சும்மா பயமுறுத்தினேன்", "உள்ளே ரவை இல்லை" என்ற சமாதானங்களுக்கு இங்கே இடமே இல்லை.

தவறுதலாக நடந்தது என்றால் பாவம் நீங்கலாம், ஈடு நீங்காது. கொலைக்கு முழு தியத் 100 ஒட்டகம். ஒரு கண்ணுக்கு அதில் பாதி, 50 ஒட்டகம் என்று ஃபிக்ஹு நூல்களில் காண்கிறோம். பாலிகாகாத பிள்ளையின் மீது பாவம் எழுதப்படுவதில்லை. ஆயினும் அவன் செய்த சேதத்துக்கு ஈடு உண்டு. துப்பாக்கியை வாங்கிக் கொடுத்த தகப்பனார், தம் பொறுப்பிலுள்ளவர்களைப் பற்றி அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர்.

சுட்ட பறவை

அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களின் ஹதீஸில், கூர்முனை பட்டுக் காயமாகி இறந்த வேட்டை கூடும், அகலப்புறம் மோதி இறந்தது கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அடிபட்டுச் செத்ததை மாயிதா சூராவின் 3ஆவது ஆயத்தும் விலக்குகிறது. ரவை வெட்டுவதில்லை, வேகத்தாலும் கனத்தாலும்தான் கொல்கிறது. ஆகவே ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபு ஆலிம்களும் அதை அடிபட்டுச் செத்ததன் கணக்கில் சேர்க்கிறார்கள். கூர்முனை ரவை பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அறுக்காமல் உண்ண வேண்டாம் என்பதே பேணுதலான வழி.

அந்தச் சகோதரரிடம் நாம் சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மணிப்புறா, கொக்கு, மைனா, கிளி போன்றவற்றைச் சுடுவது குற்றம். இறைச்சி ஹலாலாக இருந்தாலும் போலீஸ் வழக்கு வரும். ஓணானையும் தெரு நாயையும் குறிபார்க்கும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உயிருள்ளதைக் குறியாக வைப்பவரை நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள்.

இவ்வளவும் எழுதியதால் குறிபார்த்துச் சுடுவதே கூடாது என்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அம்பெய்யப் பழகுவதை ஊக்குவித்த மார்க்கம் இது. 2008இல் பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். ஆசையுள்ள பிள்ளையைப் பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிடலாம். வீட்டில்தான் சுட வேண்டும் என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மண் நிரப்பிய மூட்டையோ, பழந்துணி திணித்த கனத்த பெட்டியோ குறிக்குப் பின்னால் இருக்கட்டும். கருங்கல், தகரம், செங்கல் சுவர் வேண்டாம். ரவை திரும்பி வரும், இரும்பு உருண்டையானால் இன்னும் மோசம். சுடுபவரும் பார்ப்பவரும் கண்ணாடி அணிய வேண்டும். குறியின் முன் போய் நின்ற பிறகே ரவை போட வேண்டும்.

மஸ்ஜிதிலும் கடைத்தெருவிலும் அம்போடு போகிறவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வாளை உறையிலிருந்து உருவியபடி கை மாற்றக் கூடாது என்பவை நபிமொழிகள். ஏர்கன்னையும் அப்படியே, ரவை இல்லை என்று கண்ணால் பார்த்து, குழல் தரையை நோக்க எடுத்துச் செல்ல வேண்டும். குழலை மடக்கி ரவை போடும்போது மறு கையால் அதை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். விசை தட்டினால் அது சட்டென்று எழும்பி விரலை நசுக்கிவிடும். ரவையை வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் சிறுவர்களிடம் இருக்கிறது, ஈயம் விஷம். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். துப்பாக்கி ஒரு பூட்டிலும் ரவை வேறு பூட்டிலும் இருக்கட்டும். இரண்டு சாவியும் தகப்பனாரிடம்.

கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்கவோ, அழுத்தவோ, தண்ணீர் ஊற்றவோ கூடாது. கண்ணைத் தொடாதபடி ஒரு கிண்ணத்தையோ காகிதக் குவளையையோ மேலே கவிழ்த்துப் பிடித்து, உடனே கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். உடம்பில் பட்டால் வெளியே சிறு துளைதான் தெரியும். ரவை ஆழத்தில் இருக்கும். எக்ஸ்ரே எடுக்காமல் வீடு திரும்ப வேண்டாம். என்ன பட்டது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தச் சிறுமியை முதலில் கொண்டு போன இடத்தில், பையனின் பெயர் வெளியே வரக் கூடாதென்று "குச்சி குத்திவிட்டது" என்று சொல்லியிருக்கிறார்கள். மருந்து போட்டுக் கட்டி அனுப்பிவிட்டார்கள். உள்ளே ரவை இருப்பது மறுநாள்தான் தெரிந்தது.