தொழில் பாடம்: குறைந்த செலவில் நம் பொருளை நாலு பேருக்குத் தெரிவிப்பது எப்படி?



குழு மூலம் கடன் வாங்கித் தொழில் தொடங்குவது நமக்குப் பழகிவிட்டது. பொருள் தயாரிப்பதும் கைவந்துவிட்டது. விற்பதில்தான் திணறுகிறோம். எங்கள் குழுவில் 12 பேர் சேர்ந்து முளைக்கட்டிய கேழ்வரகில் சத்துமாவு தயாரிக்கிறோம். ஆரம்பத்தில் செய்த தவறுகளையும் பிறகு கற்றுக்கொண்டதையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறோம். உங்கள் தொழில் ஊறுகாயாக இருந்தாலும் சரி, பாக்குமட்டைத் தட்டாக இருந்தாலும் சரி, இது பொருந்தும்.

வங்கிக் கடன் வந்ததும் முதல் வேலையாக 1000 நோட்டீஸ் அடித்தோம். பேருந்து நிறுத்தத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினோம். "சுவையானது, தரமானது, வாங்கிப் பயன் பெறுவீர்" என்று எல்லோரும் போடுவதையே நாங்களும் போட்டோம். நோட்டீஸில் பாதி சந்தையில் காலடியில் கிடந்தது. அரைத்த மாவு மூட்டையாக எங்கள் பிரதிநிதி வீட்டில் தங்கிவிட்டது. தவணைத் தேதி வந்தபோது சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் கட்டினோம். "இதுக்கா என் நகையை அடகு வச்சேன்" என்று ஒரு அக்கா கூட்டத்திலேயே அழுதுவிட்டார். அன்றைக்கு யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மாற்றம் வந்தது ஒரு சந்தை நாளில். ஏற்கனவே வாங்கிப்போன ஒரு அம்மா வந்து, "என்னம்மா, காய்ச்சினா கட்டி கட்டியா வருதே?" என்று சத்தமாகக் கேட்டார். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் எங்கள் ஊக்குநர் நிதானமாகச் சொன்னார்: "கொதிக்கிற தண்ணியில நேரா மாவைக் கொட்டாதீங்கம்மா. முதல்ல பச்சத் தண்ணியில தோசை மாவு மாதிரி கரைச்சுக்கோங்க. அப்புறம் கொதிக்கிற தண்ணியில ஊத்தி, தீயைக் குறைச்சு, கைவிடாமக் கிண்டுங்க." பக்கத்தில் காய் வாங்கிக்கொண்டிருந்த பெண்களும் நின்று கேட்டார்கள். அதில் இரண்டு பேர் பாக்கெட் வாங்கிப் போனார்கள். நாங்கள் "வாங்குங்க" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அன்று இரவே 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, வாடிக்கையாளர் கேட்கிற கேள்வியை எல்லாம் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத ஆரம்பித்தோம். எழுதத் தெரியாத உறுப்பினர்கள் சொல்ல, மற்றவர்கள் எழுதினார்கள். ஏன் இவ்வளவு பழுப்பா இருக்கு? கடை மாவு வெள்ளையா இருக்கே? என்னென்ன போட்டிருக்கீங்க? எத்தனை நாள் இருக்கும்? சர்க்கரைக்காரங்க குடிக்கலாமா? எங்க பாப்பாவுக்குக் கொடுக்கலாமா? ஒரு மாதத்தில் பார்த்தால், திரும்பத் திரும்ப வந்தவை பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான். வாரத்துக்கு ஒரு கேள்விக்கு உண்மையான பதில் சொல்வது என்று முடிவு செய்தோம். எங்கள் விளம்பரம் என்பது இவ்வளவுதான்.

பதில் தேடப் போனபோதுதான் எங்கள் பொருளைப் பற்றி எங்களுக்கே எவ்வளவு தெரியாது என்று புரிந்தது. எத்தனை நாள் இருக்கும் என்ற கேள்வியைப் பாருங்கள். வேறொரு பாக்கெட்டைப் பார்த்து "3 மாதம்" என்று அச்சடித்திருந்தோம். பிறகு நாங்களே சில பாக்கெட்டை எடுத்து வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்தோம். இரண்டரை மாதத்தில் லேசாகக் காறல் வாடை அடித்தது. நிலக்கடலையும் முந்திரியும் சேர்ப்பதால், அதிலுள்ள எண்ணெய் நாளாக நாளாகக் கெட்டுப்போகிறது. உடனே இரண்டு மாதம் என்று மாற்றினோம். "ஒரேயடியா ஒரு கிலோ வாங்கி வைக்காதீங்க, கால் கிலோ வாங்கி முடிச்சிட்டு வாங்க" என்று சொன்னோம். இதனால் விற்பனை படுத்துவிடும் என்று எங்களில் பாதிப் பேர் சண்டை போட்டார்கள். நடந்தது வேறு. கால் கிலோ என்றால் புதிதாக வாங்குகிறவர்களும் தயங்காமல் வாங்குகிறார்கள், தீர்ந்ததும் திரும்ப வருகிறார்கள்.

பதிலைச் சேர்ப்பதற்கு மூன்று வழி வைத்திருக்கிறோம். ஒன்று, பாக்கெட்டோடு ஒரு துண்டுச் சீட்டு. ஒரு ஜெராக்ஸ் இரண்டு ரூபாய், ஒரு தாளில் நாலு சீட்டு வெட்டலாம், ஆக ஒரு சீட்டு ஐம்பது பைசா. இரண்டு, சந்தையில் கடை முன்னால் ஒரு சிலேட்டு, அதில் அந்த வாரக் கேள்வி. மூன்றாவது, போனில் வாட்ஸ்அப்.

வாட்ஸ்அப் விஷயத்தில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரம்தான் இருக்கும். அதுவும், நாம் அவர்கள் நம்பரையும் அவர்கள் நம் நம்பரையும் சேமித்து வைத்திருந்தால்தான் தெரியும். நாங்கள் இரண்டு மாதம் தினமும் படம் போட்டோம். பார்த்தது எல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள்தான். இப்போது பாக்கெட் கொடுக்கும்போதே, "எங்க நம்பரைப் போட்டுக்கோங்கக்கா, புது மாவு அரைக்கிற அன்னைக்குச் சொல்றோம்" என்று கேட்டுக்கொள்கிறோம். சரி என்றவர்கள் நம்பரை மட்டும் நாங்களும் சேமிக்கிறோம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம்.

போன் எல்லாம் வீட்டு ஆண்கள் கையில் இருப்பது எங்களுக்கும் பிரச்சினையாக இருந்தது. அதனால் குழுவுக்கென்று தனி சிம் வாங்கி, ஊக்குநரின் இரண்டு சிம் போனில் போட்டோம். வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி இலவசம். சொந்த நம்பரின் வாட்ஸ்அப் ஒரு பக்கம் இருக்க, அதே போனில் குழு நம்பருக்கு இதை வைத்துக்கொள்ளலாம். பொருள், விலை, படம் எல்லாம் பட்டியலாக அதில் போட்டு வைக்கவும் முடியும்.

படம் எடுக்க ஆள் வேண்டாம். காலை வெயில் வரும் வாசற்படி போதும். எடுக்கும் முன் கேமராக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிடுங்கள், பாதி மங்கல் அதில்தான். துணியில் கட்டிய கேழ்வரகில் முளை எட்டிப்பார்க்கிற படத்துக்குத்தான் எங்களுக்கு அதிகம் பேர் பதில் போட்டார்கள். மாவு ஏன் பழுப்பு என்ற கேள்விக்கும் அந்தப் படமே பதில். முளைக்கட்டிக் காயவைத்துத் தோலோடு அரைக்கிறோம், வேறெப்படி இருக்கும்? ஒரு தங்கை வீட்டில் முகம் வரக் கூடாது என்றார்கள். அவர் கை மட்டும் வருகிற மாதிரி எடுக்கிறோம். படிக்கத் தெரியாத வாடிக்கையாளர்களுக்கு அரை நிமிடம் பேசி அனுப்புகிறோம்.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். நாங்கள் மாட்டிக்கொள்ள இருந்த இடங்கள் இவை.

உறுப்பினர் ஒருவரின் மகன் ஆசையாக "சர்க்கரை நோயை விரட்டும் சத்துமாவு" என்று படம் செய்து கொடுத்தான். நாங்களும் போட்டுவிட்டோம். எங்களிடம் மாவு வாங்கும் செவிலியர் பார்த்துவிட்டு, "யார் இப்படிப் போடச் சொன்னது?" என்று திட்டினார். நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தில், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கேழ்வரகிலும் மாவுச்சத்துதான் அதிகம், கஞ்சியாகக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்துச் சர்க்கரை ஏறும். நம் பேச்சை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு? இப்போது "டாக்டர்கிட்ட கேட்டுக் குடிங்க" என்றுதான் சொல்கிறோம். சொல்வதற்கு உண்மையே நிறைய இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு, அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். இது கேழ்வரகுக்கான கணக்கு. மற்ற தானியமும் கலந்த நம் மாவுக்கு இத்தனை என்று போட வேண்டுமானால், பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துத்தான் போட வேண்டும்.

அடுத்தது எங்களுக்கு நிஜமாகவே வலித்தது. எங்கள் கவரில் கொழுகொழு குழந்தை படம் போட்டிருந்தோம். தாய்ப்பாலோடு சேர்த்து 6 மாதம் முதல் 2 வயது வரை கொடுக்கும் உணவு என்று சொல்லி எதையும் விளம்பரம் செய்யக் கூடாது, அப்படிப்பட்ட பாக்கெட்டில் குழந்தை படமும் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. 2003இல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். எங்களுக்கு இது தெரியாது, கவர் அச்சடித்தவரும் சொல்லவில்லை. மிச்சமிருந்த கவரை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் புதிதாக அடித்தோம். நாலு மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று ஒரு தாய் கேட்டால், "6 மாசம் முடியிற வரைக்கும் தாய்ப்பால் மட்டும் கொடுங்க, அப்புறம் என்ன கொடுக்கலாம்னு அங்கன்வாடியிலயும் நர்ஸம்மாகிட்டயும் கேளுங்க" என்று சொல்லி அனுப்புகிறோம். அன்றைக்கு ஒரு பாக்கெட் விற்பனை போகும். அப்படித் திருப்பி அனுப்பிய ஒரு பெண், பிறகு தன் மாமியாருக்காக வந்து வாங்கினார்.

புதுக் கவரில் நிலக்கடலை, முந்திரி சேர்ந்திருப்பதைத் தெளிவாகப் போட்டோம், சிலருக்கு அவை ஒத்துக்கொள்ளாது. 14 இலக்க உணவு உரிம எண், தயாரித்த தேதி, எடை, விலை, முகவரி, சைவ உணவுக்கான பச்சைக் குறி ஆகியவற்றையும் சரிபார்த்தோம்.

பலன் உடனே வரவில்லை. முதல் இரண்டு மாதம் பெரிய வித்தியாசம் இல்லை. வாங்க வருகிறவர்களிடம் "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு நோட்டில் கோடு போடுகிறோம். நோட்டீஸ் பார்த்து வந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டார்கள். சீட்டைப் பார்த்து வந்தவர்களும், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று வந்தவர்களும்தான் அதிகம். ஐந்தாவது மாதத்திலிருந்து தவணையை மாவு விற்ற காசிலேயே கட்டுகிறோம். நகையை மீட்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய ஒரு பயிற்சி. கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் மூன்று வாடிக்கையாளரிடம், "எங்க பொருளைப் பத்தி என்ன சந்தேகம் இருக்கு?" என்று கேட்டு வாருங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அதிகம் வந்த கேள்வி ஒன்றை எடுத்து, நாலு வரியில் பதில் எழுதி உரக்க வாசியுங்கள். கேட்கிறவர்களுக்கு அதிலிருந்து இன்னொரு சந்தேகம் வந்தால், அதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாக்கெட் ஒன்றையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். அதில் எழுதியிருப்பதை ஒவ்வொரு வரியாகப் படித்து, இது நமக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள்.